பறையடி தெரிந்த பிள்ளைக்கு மேடையில் என்ன வேலை?

காட்டுமன்னார்கோவில் பக்கம் ஒரு காலனியில் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டம் முடிந்து, வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம். பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் ஒரு மாணவி நம்மிடம் வந்தார்.

"சார், நாடகத்துல யார் எங்க நிக்கணும், எப்படி நடக்கணும், எப்ப கூட்டமா திரும்பணும்னு ஒருத்தர் சொல்லிக் குடுப்பாங்களே, அந்த வேலைக்கு எங்க படிக்கணும்? நம்ம ஆளுங்கள அதுல சேத்துப்பாங்களா?"

நாம் பதில் சொல்வதற்குள் அவருடைய அப்பா குறுக்கே வந்தார். கொத்தனார். "நர்சிங் சேரும்மான்னு சொல்லிக்கிட்டே இருக்கேன் சார். எங்கப்பா சாவுக்குச் சாவு மோளம் அடிச்சிட்டு வாசல்ல நின்னு கூலி வாங்குனாரு. அது வேணாம்னுதான் நான் கரண்டி புடிச்சேன். இது திரும்பவும் ஆட்டம்ங்குது."

இரண்டு பேர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இந்த வாரம் அவர்கள் இருவருக்குமாகவே எழுதுகிறோம்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். சினிமாவில் டான்ஸ் மாஸ்டர் என்கிறோம். மேடையில் அதற்கு நடன அமைப்பாளர் என்று பெயர். பாட்டுக்கோ தாளத்துக்கோ ஆட்டத்தைக் கட்டுகிறவர் அவர். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வேலை இருக்கிறது. நம் ஊரில் அதற்கு இன்னும் நிலையான பெயர் இல்லை. அசைவு இயக்குநர் என்று வைத்துக்கொள்ளலாம். நாடகத்தில் ஆட்டமே இல்லாமல் போகலாம். ஆனாலும் நடிகர் நடப்பார், உட்காருவார், விழுவார், முதுகில் மூட்டை சுமப்பார். இருபது பேர் கூட்டமாகப் பயந்து ஓடுவார்கள். அந்த ஓட்டம் கல்யாண வீட்டுப் பந்திக்கு ஓடுவதுபோல இருந்தால் நாடகம் படுத்துவிடும். அதைப் பார்த்துச் சரிசெய்வதுதான் அசைவு இயக்குநரின் பொறுப்பு. இங்கிலாந்து நாடகப் பள்ளிகளில் இதைத் தனிப் பாடமாக வளர்த்தவர்களில் ஒருவர் வியன்னாவில் பிறந்த லிட்ஸ் பிஸ்க் என்ற பெண்மணி. இன்று அங்கே பெரிய நாடகக் குழுக்களில் இயக்குநர், ஒளி அமைப்பாளர், உடை அமைப்பாளர் பெயர்களோடு இவர் பெயரும் தனி வரியில் அச்சாகிறது.

நம் மாவட்டத்துக்கு நெருக்கமான உதாரணம் நந்தன் கதை. கோபாலகிருஷ்ண பாரதியார் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு பாடி வைத்ததிலிருந்து கதாகாலட்சேபம், நாடகம், சினிமா, பரதநாட்டியம் என்று எல்லா மேடையிலும் நந்தன் வந்துவிட்டார். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறார். முதுகு வளைந்திருக்கும், கை வாயைப் பொத்தியிருக்கும், கண் தரையில் இருக்கும். அந்த வளைவைப் போட்டது யார்? எத்தனை நேரம் வளைந்திருக்க வேண்டும்? பண்ணையார் திரும்பிப் போன பிறகும் வளைந்தே இருப்பாரா, அந்த நொடியே நிமிர்ந்துவிடுவாரா? தன் சேரிக்குள் வந்ததும் எப்படி நடப்பார்? வயலில் அண்டை வெட்டும்போது அதே முதுகு எப்படி இருக்கும்? வசனத்தில் ஒரு எழுத்தை மாற்றாமல், இந்த முடிவுகளை மட்டும் மாற்றிப் பாருங்கள். பக்தன் கதை பண்ணையாள் கதையாக ஆகிவிடும். முடிவை எடுக்கிறவர் அந்த முதுகைப் பார்த்து வளர்ந்தவராக இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் நம் கேள்வி.

சாதி என்பதே ஒருவகையில் உடம்புக்குப் போட்ட கட்டளை. தோளில் கிடக்கும் துண்டு ஊர்த் தெரு வந்ததும் இடுப்புக்கோ கக்கத்துக்கோ போகும். செருப்பு கைக்குப் போகும். சைக்கிளில் இருந்து இறங்க வேண்டும். ஆண்டை வீட்டு வாசலில் எந்த இடத்தில் நிற்க வேண்டும், தண்ணீர் ஊற்றினால் கையை எப்படிக் குவிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அளவு இருந்தது. எந்தப் புத்தகத்திலும் எழுதாமலே மூன்று வயதுக் குழந்தைக்கும் அது தெரிந்திருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய நம் பெரியவர்கள் பலருக்கு இந்தப் பாடம் இன்னும் தோளில் இருக்கிறது. மேடைக்கு இது பெரிய அறிவு. நகரத்து நாடகப் பட்டறையில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தாலும் வராதது. இந்த அறிவு வந்த வழி கசப்பானது. ஆனால் அதை வெளியே எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி மேடையில் வைத்துக் கேள்வி கேட்பவர், கட்டளைக்குக் கீழ்ப்படிபவராக இருக்க முடியாது.

அடுத்தது பறை. பறையாட்டம் என்றால் குதித்து அடிப்பது என்று நினைக்கிறவர்கள் ஒரு முறை கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். பறை இடது தோளில் வாரோடு தொங்குகிறது, இடுப்போடு ஒட்டியிருக்கிறது. இடது கை மேல்விளிம்புக்கு மேலாக நீளமான சிம்புக்குச்சியைப் பிடிக்கிறது. வலது கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் ஆட்டம் முழுக்கக் கால், இடுப்பு, கழுத்து, பார்வை ஆகியவற்றுக்கு வந்துவிடுகிறது. உடம்பின் ஒரு பக்கம் எப்போதும் கனமாக இருக்கிறது. அந்தக் கனத்தை எதிர்த்துத் திரும்புவதில்தான் பறையாட்டத்துக்கே உரிய அந்த வெட்டு வருகிறது. வெறுங்கையோடு அதே அடவை ஆடிப் பாருங்கள், சப்பென்று இருக்கும்.

வரிசையில் நிற்பார்கள், எதிரெதிராக வருவார்கள், வட்டம் கட்டுவார்கள், உட்கார்ந்து எழுவார்கள். யாரும் "ஒன் டூ த்ரீ" எண்ணுவதில்லை. முன்னத்தி ஆள் அடியில் ஒரு வெட்டு வைப்பார், அல்லது ஒரு பார்வை பார்ப்பார். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் மாறிவிடுவார்கள். சப்பரத்தடி, சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என்று ஒவ்வொன்றுக்கும் இடமும் வேகமும் வேறு. பத்துப் பேரைப் பத்து நிமிடத்துக்கு வெளியிலும் நேரத்திலும் அடுக்குவதைத்தான் உலகம் முழுவதும் நடன அமைப்பு என்கிறார்கள். முன்னத்தி ஆள் செய்வது அதுதான். கொங்குப் பக்கம் ஜிக்காட்டம், துடும்பாட்டம், திருவண்ணாமலை விழுப்புரம் பக்கம் பெரிய மேளம் எல்லாம் இதே கணக்குதான்.

ஆனால் பெயர்? நாம் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி விழாவுக்கு, நமக்குத் தெரிந்த பறைக் கலைஞர் ஒருவர் மாணவர்கள் நாற்பது பேருக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். பறையைத் தீயில் காய்ச்சுவதிலிருந்து சொல்லிக்கொடுத்தார். கடைசி இரண்டு நாள் நகரத்திலிருந்து ஒரு நடன ஆசிரியர் வந்தார். யார் எந்தப் பக்கமிருந்து மேடையேறுவது என்று மாற்றினார், முடிவில் எல்லாரையும் கை தூக்கி நிற்கச் சொன்னார். அழைப்பிதழில் 'நடன அமைப்பு' என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. நம்மவர் பெயர் எங்கே என்று தேடினோம். 'பறையிசைக் கலைஞர்கள்' என்ற பன்மைக்குள் இருந்தார். பொன்னாடையும் பேருந்துச் செலவும் கொடுத்தார்கள். அவர் கோபப்படவில்லை. நமக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இதற்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. மாணவர்கள் குறித்துக்கொள்ளவும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பையும் நாடகப் படைப்பு என்ற வகைக்குள் சேர்த்திருக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு. அது எழுத்திலோ வேறு வழியிலோ பதிவாகியிருக்க வேண்டும். பரம்பரை அடவு யாருக்கும் தனிச்சொத்து ஆகாது, அது எல்லாருக்கும் பொது. ஆனால் அந்த அடவுகளை வைத்து நீங்கள் புதிதாகக் கட்டிய பதினைந்து நிமிட நிகழ்ச்சி உங்கள் படைப்பு. அதைத் தேதி போட்டு வீடியோ எடுத்து, நோட்டில் வரிசை எழுதி, பெயர் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் ருடால்ஃப் லாபன் 1928-லேயே அசைவை எழுதுவதற்கு ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார். நமக்கு அது தெரிய வேண்டும் என்பதில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். வட்டம் ஆள், அம்புக்குறி போகும் திசை, பக்கத்தில் அடியின் பெயர். தலித் கலைஞர்கள் ஏமாந்ததெல்லாம் பெரும்பாலும் ஏட்டில் இல்லாததால்தான், நிலப் பட்டா மாதிரியே.

அமெரிக்காவில் ஒரு பிள்ளை இருந்தார். ஆல்வின் அய்லி. 1931-ல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே விட்டுப் போய்விட்டார். அம்மா பருத்தி பறித்தும் வெள்ளையர் வீடுகளைத் துடைத்தும் வளர்த்தார். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி வாசல் இருந்த காலம். பின்னால் லாஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபோனார்கள். அங்கே லெஸ்டர் ஹார்ட்டன் என்ற ஆசிரியரின் பள்ளியில் நடனம் கற்றார். கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அவர். 1958-ல் நியூயார்க்கில் சொந்தக் குழு தொடங்கினார் அய்லி. 1960-ல் 'ரெவலேஷன்ஸ்' என்ற நடனத்தை மேடையேற்றினார். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும்.

அதில் என்ன வைத்தார் என்று பாருங்கள். சிறுவயதில் தன் சர்ச்சில் பார்த்த ஞானஸ்நானம், ஆற்றுக்குப் பதில் மேடை முழுக்க இழுக்கும் நீளத் துணி. ஞாயிற்றுக்கிழமை புழுக்கத்தில் மஞ்சள் உடுப்பு போட்ட பெண்கள் முக்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டு வம்பு பேசுவது. அடிமைக் காலத்திலிருந்து வந்த பாட்டுகள். ரத்தத்தில் ஊறிய நினைவுகள் என்று அவர் இவற்றைச் சொல்வார். வீட்டுப் பெண்கள் விசிறும் கையை உலக மேடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியதே, அங்கேதான் அவர் நடன அமைப்பாளர். பின்னாளில் நியூயார்க்கின் பெரிய ஓப்பரா அரங்கு 1966-ல் புதுக் கட்டடத்தில் திறந்தபோது, அந்தத் தொடக்க நாடகத்துக்கும் அசைவுகளை அமைக்க இவரைத்தான் அழைத்தார்கள். 1989-ல் இறந்தார். குழு இன்னும் நடக்கிறது, அந்த நடனத்தை இன்னும் ஆடுகிறார்கள்.

மாணவியின் அப்பாவுக்கு இந்தக் கதை மட்டும் போதாது என்று தெரியும். அவர் சொன்ன பக்கம் சாதாரணமானதல்ல. காட்டுமன்னார்கோவில் மண்ணில் பிறந்த எல்.இளையபெருமாள், நாடு முழுவதும் தீண்டாமைக் கொடுமையை விசாரித்து 1969-ல் அறிக்கை கொடுத்த குழுவின் தலைவர், இங்கே சாவுக்குப் பறையடிக்கும் இழிவேலையை விட்டுவிடச் சொல்லி இயக்கம் நடத்தியவர். அதற்காக அடிபட்ட ஊர்கள் உண்டு. பறையைக் கீழே போட்ட பிறகுதான் பல வீடுகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அந்த மறுப்பை மறந்துவிட்டுப் பறையின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையில்லை. மறுக்கப்பட்டது கட்டாயமும் கூலிக்கு நிற்பதும்தான். கருவியை என்ன செய்வது என்பதில் நமக்குள் இன்றும் இரண்டு கருத்து உண்டு. இருக்கட்டும்.

மறுத்த பிறகு திரும்ப எடுத்தவர்களும் இருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்து மாரந்தையில் பிறந்த கே.ஏ.குணசேகரன் தெருவில் பாடத் தொடங்கி, 'பலி ஆடுகள்' நாடகத்தை எழுதி, புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைப் பள்ளியின் தலைவராகவும் இருந்தார். தான் பட்டதையெல்லாம் 'வடு' என்று எழுதி வைத்தார். 2016-ல் மறைந்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு போன்றவர்கள் தலித் கலைவிழா மேடைகளில் பறையை உரிமைக் கருவியாக ஏற்றினார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழு, ஆண்கள் மட்டுமே தொட்ட பறையைத் தலித் பெண்பிள்ளைகள் கையில் கொடுத்தது. 2025-ல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதே ஆண்டு தெருக்கூத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும். விருது ஒரு வீட்டு அடுப்பை எரிக்காது என்பது நமக்கும் தெரியும். ஆனால் பறைக்காரர் பெயர் பன்மையில் இல்லாமல் தனியாக அச்சானது.

சரி, எங்கே படிப்பது?

பிளஸ் டூ முடித்ததும் நேரே இதில் குதிக்காதீர்கள் என்பது நம் அபிப்பிராயம். ஏதாவது ஒரு பட்டம் கையில் இருக்கட்டும். டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்புக்கு எந்தப் பாடத்திலாவது பட்டமும், நாடகங்களில் பங்கெடுத்த அனுபவமும் கேட்கிறார்கள். தேர்வானால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. அங்கே அசைவுப் பயிற்சி பாடத்தில் இருக்கிறது. இடங்கள் மிகக் குறைவு, இட ஒதுக்கீடு உண்டு. பக்கத்திலேயே வேண்டுமென்றால் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடக முதுகலை, தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறை. மாவட்ட அரசு இசைப்பள்ளியும் இருக்கிறது, கடலூரிலும் விழுப்புரத்திலும். அங்கே ஏழு பாடங்கள், அவற்றில் ஆட்டம் என்றால் பரதநாட்டியம்தான். அண்மைக்காலமாகச் சில இடங்களில் நாட்டுப்புறக் கலைகளுக்குப் பகுதிநேர வகுப்பும் நடக்கிறது. நேரில் போய் விசாரிக்க வேண்டும்.

பரதம் கற்கலாமா என்று சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள். கற்கலாம், தாராளமாக. அசைவு இயக்குநருக்கு எத்தனை உடம்பு மொழி தெரிகிறதோ அத்தனை நல்லது. சந்திரலேகா பரதத்தையும் களரியையும் யோகத்தையும் ஒரே மேடையில் வைத்து 1985-ல் 'அங்கிகா' செய்தார். புதுச்சேரி அருகே வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தியில் மூச்சையும் தாளத்தையும் வைத்து நடிகருக்குப் பயிற்சி தருகிறார்கள். காசு கட்டிப் போக வேண்டிய பட்டறைகள்தான், ஆனால் ஒரு முறையாவது போய்வரத் தகுந்த இடம். கூத்து நடக்கும் ஊர் பக்கத்தில் இருந்தால் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பதற்குக் கட்டணமே இல்லை.

மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரை உள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுக்கு உதவித்தொகை தருகிறது. நடனம், நாடகம், நாட்டுப்புறக் கலை எல்லாம் அதில் அடங்கும். விண்ணப்பத்தில் குருவின் பெயர் கேட்பார்கள். பறை கற்றுக்கொடுத்த தாத்தாவின் பெயரை எழுத ஏன் தயங்க வேண்டும்?

வருமானத்தைப் பற்றி மழுப்பக் கூடாது. நாடகத்தை மட்டும் நம்பி மாதச் சம்பளம்போல வாங்குகிறவர்கள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. பள்ளி ஆண்டு விழா, கல்லூரிக் கலைவிழா, சினிமாவில் உதவி டான்ஸ் மாஸ்டர், அரசு விழிப்புணர்வுக் கலைப்பயணம், வார இறுதியில் பறை வகுப்பு என்று நாலு இடத்தில் நாலு துண்டாகத்தான் பிழைப்பு சேரும். அரசுப் பள்ளிகளில் இப்போது ஆண்டுதோறும் கலைத் திருவிழா நடக்கிறது. அதற்குப் பிள்ளைகளைத் தயார்செய்ய ஆசிரியர்கள் ஆள் தேடுகிறார்கள். மே, ஜூனில் வேலை குறையும். உடம்புதான் முதல் என்பதால் முழங்கால் போனால் தொழில் போகும். ஆகவே எந்த நிகழ்ச்சியானாலும் ஆடுவதற்கு ஒரு தொகை, அமைப்பதற்கு ஒரு தொகை என்று இரண்டாகப் பேச வேண்டும், அழைப்பிதழில் பெயர் எந்த வரியில் வரும் என்பதையும் சேர்த்து. முதலில் பேசக் கூச்சமாக இருக்கும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வதும் அவசியம்.

அன்று இவ்வளவையும் அந்தக் காலனியில் நின்று சொல்ல முடியவில்லை. மாணவியிடம் ஒன்று மட்டும் சொன்னோம். "தாத்தாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டோம். எழுபத்தி ரெண்டாம். "வாரத்துக்கு ஒரு அடி, செல்போன்ல எடுத்து வையுங்க. கால் தெரியற மாதிரி எடுங்க. எல்லாரும் முகத்தைத்தான் எடுப்பாங்க."

மூன்று வாரம் கழித்து ஒரு வீடியோ அனுப்பினார். வீட்டு வாசல், வேப்பமரம், ஓரத்தில் ஆடு. பெரியவரிடம் பறை இல்லை, எப்போதோ கொடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் முறம் ஒன்றைத் தோளில் அணைத்துக்கொண்டு இரண்டு குச்சியோடு ஆடுகிறார். ஒரு திருப்பத்தில் நின்றுவிடுகிறார், யோசிக்கிறார். படத்துக்கு வெளியிலிருந்து ஒரு ஆண் குரல் கேட்கிறது. "அங்க சோத்துக்கைப் பக்கத்துக் காலுப்பா முன்னால வரும். நொட்டாங்கால இல்ல."

கொத்தனாரின் குரல்தான். நர்சிங் விண்ணப்பமும் போட்டிருக்கிறார்களாம், கலைக் கல்லூரிக்கும் போட்டிருக்கிறார்களாம்.